சேர்வர் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையக இளைஞர்களுக்கு இலவசக் கணினிப் பயிற்சி என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி அறிவித்தல் வருகிறது. வரட்டும், நல்ல விசயம். என் தங்கையின் மகன் அப்படியொரு வகுப்பில் படித்துத்தான் இப்போது கண்டியில் வேலை செய்கிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, பத்துப் பதினைந்து வருடமாக ஆபீஸ் சேர்வரையும் (எல்லோருக்கும் பொதுவான கம்ப்யூட்டர்) அதில் கணக்கெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸையும் தன்னந்தனியாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு யார் வகுப்பு வைப்பது? வயது 18 முதல் 30 வரை என்ற வரியைக் கண்டதும் நாங்கள் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய ஆபீஸில் வேலை செய்கிறேன். 2004 இல் சின்ன கிளாக்கராகச் சேர்ந்தேன். செக்ரோல் (தொழிலாளரின் நாள் வேலைப் பதிவு) கூட்டுவது, சம்பளப் பட்டியல் எழுதுவது, முற்பணம் கழிப்பது எல்லாம் அப்போது கையால்தான். 2009 இல் சம்பள வேலை முழுக்க கம்ப்யூட்டருக்கு மாறியபோது, "தம்பிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், டைப்பும் அடிப்பாரு, அவரே பாக்கட்டும்" என்று பெரிய கிளாக்கர் ஐயா என்னைக் கைகாட்டினார். அன்றிலிருந்து சேர்வர் என் பொறுப்பு. மென்பொருள் கொடுத்தவர்கள் கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கி, எதை அழுத்தினால் பட்டியல் வரும், எதை அழுத்தினால் பேக்கப் (காப்புப் பிரதி) எடுபடும் என்று காட்டிவிட்டுப் போனார்கள். அடியில் என்ன ஓடுகிறது என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

இப்படி வந்தவன் நான் மட்டும் இல்லை. தலவாக்கலையில், பண்டாரவளையில், நாவலப்பிட்டியில் என்று தோட்ட ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், தனியார் மருந்தகம், பாடசாலை எதற்குள் போனாலும் "சிஸ்டம் பாக்கிறவர்" என்று ஒருவர் இருப்பார். அவர் பதவிப் பெயர் கணக்காளர் உதவியாளர் என்றோ லிகிதர் என்றோ இருக்கும். யாரும் அவரை டேட்டாபேஸ் நிர்வாகி என்று கூப்பிடுவதில்லை, ஆனால் அந்த வேலையைத்தான் அவர் செய்கிறார்.

இவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தொழிலாளிக்கு அந்த மாதம் எத்தனை பெயர் விழுந்தது, எத்தனை அரைப்பெயர், கைக்காசுக்கு எடுத்த கொழுந்து எத்தனை கிலோ, சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் எந்தத் தொகையின் மேல் போகிறது, இதெல்லாம் டேட்டாபேஸின் எந்த டேபிளில் (பட்டியலில்) கிடக்கிறது, எந்த வருடம் எந்த மாதம் பிழையாக ஏறி யார் திருத்தினார்கள் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டம் முடித்து வரும் பிள்ளைக்கு டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்கியூஎல் எங்களைவிட நன்றாக வரும், ஆனால் இங்கே 'பெயர்' என்றால் ஒரு நாள் வேலை என்று பிடிபடவே அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சக் காலம் போகும். இந்த அறிவைப் புதிதாக ஒருவருக்கு ஊட்டுவதைவிட, இது இருக்கிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பது என் அபிப்பிராயம். அந்த மிச்சம் தெரியாமல் போனதால் என்ன நடந்தது என்று என் அனுபவத்தையே சொல்கிறேன்.

2018 ஒக்டோபர் கடைசி. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது, முற்பணப் பட்டியல் அந்த வாரம் போக வேண்டும். காலை ஏழரைக்கு ஒரு தோட்டத்திலிருந்து போன். "சார், பேர் ஏத்த முடியல, செவப்புல என்னமோ வருது." நான் மழையில் நனைந்துகொண்டு ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தால் லொக் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ஃபைல்) நிரம்பிவிட்டது என்று 9002 இலக்கப் பிழை நிற்கிறது. டி டிரைவில் ஒரு பைட்கூட இடமில்லை. சம்பள டேட்டா ஃபைல் வெறும் 3 ஜீபீ, அதன் பக்கத்தில் லொக் ஃபைல் 61 ஜீபீ! இணையத்தில் தேடினேன், யாரோ ஒருவர் சேர்வரை நிறுத்திவிட்டு லொக் ஃபைலை அழித்தால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அழித்தேன். திரும்ப சேர்வரைப் போட்டதும் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'ரிக்கவரி பெண்டிங்' (மீட்பு நிலுவையில்) என்று வந்து நின்றது, அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகள் எழுதிய சின்ன ஃபைல்) ஓடும், காலையில் பார்த்தால் 'வெற்றி' என்று இருக்கும். அதே டி டிரைவில் இருந்த பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். கடைசி ஃபைலின் திகதி ஜூன் 11. ஜூனிலேயே 3 ஜீபீக்கு இடமில்லாமல் போய்விட்டது, மிச்சமிருந்த இடத்தையும் லொக் ஃபைல் எடுத்து முடிக்க ஒக்டோபர் ஆகியிருக்கிறது. பேட்ச் ஃபைல் ஓடி முடிந்ததைத்தான் ஷெடியூலர் எனக்கு வெற்றி என்று சொல்லியிருக்கிறது, உள்ளே பேக்கப் எடுபட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, அப்படித் தெரியவைக்க அந்தக் கட்டளையோடு ஒரு சின்ன எழுத்துச் சேர்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. பதற்றத்தில் அந்த ஜூன் பேக்கப்பை இருந்த டேட்டா ஃபைலின் மேலேயே ரிஸ்டோர் செய்துவிட்டேன் (திரும்ப ஏற்றிவிட்டேன்). அந்த ஃபைலை வேறோர் இடத்தில் ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தாலே பின்னால் டேட்டாபேஸின் 'எமர்ஜென்சி' முறையில் திறந்து பெரும்பகுதியை மீட்டிருக்கலாம் என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

நாலரை மாதக் கணக்கு போய்விட்டது. பெரிய கிளாக்கர் ஐயா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சனத்துக்குத் தீவாளி காசு போகணும், கையால எழுதிக் குடுத்துருவோம்" என்றார். எழுதிக் கொடுத்தோம். பிறகு தோட்டங்களிலிருந்து செக்ரோல் புத்தகங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவந்து ஐந்து பேர் 17 இரவு உட்கார்ந்து ஏற்றினோம். தாள் இருந்ததால் தப்பினோம். இப்போது சில தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதே இலத்திரனியல் தராசில், எடை நேரே கணக்குக்குப் போகிறது. நாளைக்கு அந்த டேட்டாபேஸ் போனால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவர எதுவும் இருக்காது.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? மென்பொருளைக் கொடுத்தவர்கள் டேட்டாபேஸை முழு ரிக்கவரி முறையில் (எந்த நிமிடத்துக்கும் திரும்பக்கூடியபடி எல்லா மாற்றத்தையும் லொக்கில் வைத்திருக்கும் முறை) வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்படி வைத்தால் லொக்கையும் தனியாக பேக்கப் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எடுக்காவிட்டால் லொக் வளர்ந்துகொண்டே போகும். அவ்வளவுதான். அரை நாள் வகுப்பில் சொல்லக்கூடிய விசயம். ஒன்பது வருடம் அந்த சேர்வரோடு இருந்த எனக்கு ரிக்கவரி முறை என்ற ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் டேட்டாபேஸ் வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஹட்டனிலிருந்து கோட்டைக்கு ரயிலில் ஐந்து ஆறு மணித்தியாலம் போகும், சனிக்கிழமை வகுப்புக்கு வெள்ளிக்கிழமையே போய் உறவினர் வீட்டில் படுத்தேன். அங்கே முதல் ஐந்து வாரமும் டேபிள் என்றால் என்ன, மாணவர் பட்டியலையும் பாடப் பட்டியலையும் எப்படி இணைப்பது என்றே போனது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது சரி. நான் கை தூக்கி, டிஸ்க் நிரம்பிய சேர்வரில் முதலில் எதைத் தொட வேண்டும் என்று கேட்டேன். அது இந்தப் பாடத்திட்டத்தில் இல்லை என்றார்கள். பிறகு மூன்று வருடம் இரவில் வீட்டில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருப்பதை அகராதி வைத்துப் படித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உடைத்து உடைத்துப் பார்த்துத்தான் படித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அனுபவம் உள்ளவர்களுக்கான வகுப்பு வேறு மாதிரி இருக்க வேண்டும். டேபிள் என்றால் என்ன என்று தொடங்கக் கூடாது. முதல் நாளே ஆளுக்கு ஒரு உடைந்த சேர்வரைக் கொடுத்து, இதோ நேற்று இரவு பேக்கப், இதோ காலை பதினொரு மணி வரையான லொக் பேக்கப்புகள், பத்து நாற்பதுக்கு ஒருவர் தெரியாமல் ஒரு டேபிளை அழித்துவிட்டார், பத்து முப்பத்தொன்பதுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று விட வேண்டும். நாங்கள் பாவிக்கும் எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இது முடியும், அதே வேலை செய்யும் போஸ்ட்கிரெஸிலும் முடியும், மைஎஸ்கியூஎல்லிலும் முடியும். ஒரு தடவை தன் கையால் அதைச் செய்தவர் பிறகு பேக்கப்பை வேறு கண்ணோடு பார்ப்பார். அதைவிட முக்கியம், பதற்றம் வரும்போது கை எதைத் தொடக் கூடாது என்று பழகிவிடும்.

தமிழில் நடத்துங்கள் என்றும் கேட்கிறேன். கட்டளைகளைத் தமிழாக்கச் சொல்லவில்லை, பேக்கப்பை பேக்கப் என்றே சொல்லலாம், எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம். ஏன், எதற்கு, எப்போது என்ற விளக்கம்தான் தமிழில் வேண்டும். இங்கிலீஷில் கேட்டால் பாதி புரிந்து தலையாட்டிவிட்டு வருகிறோம், தமிழில் என்றால் எதிர்க்கேள்வி கேட்போம்.

அடுத்தது ஆட்டமேஷன். இந்தச் சொல்லைச் சொன்னாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம், எல்லாம் தானாக ஓடினால் நம்மை எதற்கு வைத்திருப்பார்கள் என்று. அந்தப் பயம் நியாயமானது, தோட்டத்தில் ஆட்குறைப்பு என்றால் என்ன என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் என் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பு தினமும் காலையில் இரண்டு மணித்தியாலம் ஃபைல் கொப்பி பண்ணுவதிலும், பென் டிரைவில் ஏற்றுவதிலும், டிஸ்க்கில் இடம் பார்ப்பதிலும் போகும். நாங்கள் வைத்திருப்பது எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, அதில் நேரம் குறித்து வேலை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால் விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதி விண்டோஸின் ஷெடியூலரிலேயே ஓட்டுகிறேன். இரவு பேக்கப் எடுக்கும், எடுத்தது பழுதில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும், வேறொரு கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்குக்கு ஒரு கொப்பியும் வெளியே ஒரு கொப்பியும் அனுப்பும். ஞாயிறு அதிகாலையில் அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் உண்மையாகவே ரிஸ்டோர் செய்து, தொழிலாளர் எண்ணிக்கையையும் கடைசியாகப் பெயர் ஏறிய திகதியையும் எண்ணிப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பும். செய்தியில் பிழை என்று வந்தாலும் நான் எழும்புவேன், செய்தியே வராவிட்டாலும் எழும்புவேன். இந்த இரண்டாவதுதான் பெரிய பாடம். 2018 இல் எனக்கு யாரும் பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய செய்தி வரவில்லை, வராததை நான் கவனிக்கவில்லை.

மிச்சமான அந்த இரண்டு மணித்தியாலம் எங்கே போனது என்றால், பல வருடமாக யாரும் தொடாத, ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிந்திருக்கும் பிரச்சினைக்குப் போனது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பந்தப்பட்டது எங்கள் சனத்தின் கடைசிக் காலக் காசு.

ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், ஆபீஸுக்கு மூன்று தடவை வந்துவிட்டார். "ஐயா, என் பேருல பாதிக் காசுதான் இருக்குன்னு சொல்றாங்க, மிச்சம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் அவர் எங்கள் டேட்டாபேஸில் இரண்டு ஆளாக இருக்கிறார். இங்கிலீஷ் எழுத்தில் ஒரு இடத்தில் பெயர் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி. தமிழ்ப் பெயர் போட்ட கட்டத்தில் ஒரு பதிவு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அதனால் இப்போது திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று நிற்கின்றன. இன்னொன்று யுனிகோடில் அடித்தும் யுனிகோடுக்கான கட்டம் இல்லாததால் வெறும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பாமினியில் இருப்பதைத் திரும்ப எடுத்துவிடலாம், கேள்விக்குறியானதை எந்த ஸ்கிரிப்டாலும் எடுக்க முடியாது.

அடையாள அட்டை எண்ணும் இப்படித்தான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழைய எண்ணின் முன்னால் 19 போட்டு, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய எண் வந்துவிடும். பெண்கள் என்றால் அந்த மூன்று இலக்கத்தில் 500 கூட்டியிருக்கும். இது தெரிந்தால் பத்து வரி ஸ்கிரிப்டில், பழைய எண்ணில் ஒரு தடவையும் புதிய எண்ணில் ஒரு தடவையும் பதிந்தவர்கள் எல்லோரையும் பட்டியல் எடுத்துவிடலாம். நான் எடுத்தேன். ஏறக்குறைய 1,400 பேர் உள்ள டேட்டாபேஸில் 63 சோடிகள் வந்தன. அந்த அம்மா அதில் ஒருவர்.

ஆனால் அந்த 63 சோடியையும் ஸ்கிரிப்டே சேர்த்துவிடட்டும் என்று நான் விடவில்லை. அதில் நான்கு சோடி எண்ணைப் பிழையாக அடித்ததால் வந்தவை, உண்மையில் வேறு வேறு ஆட்கள். சேர்த்திருந்தால் ஒருவர் காசு இன்னொருவர் பெயரில் போயிருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதை மெஷினுக்குக் கொடுத்தோம், சேர்க்கலாமா என்பதை செக்ரோலையும் ஆளையும் அறிந்த பழைய கிளாக்கர் இரண்டு பேர் பார்த்துச் சொன்னார்கள். எதைத் தானாக ஓட விடலாம், எதை ஆள் பார்க்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்தவர் அனுபவம் உள்ளவர்தான், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்கிரிப்டை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த நான்கு பேரின் கதி என்ன?

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. கிட்லேப் என்ற வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 ஆம் திகதி ஒரு பொறியாளர் களைப்பில், துணைச் சேர்வர் என்று நினைத்து முதன்மைச் சேர்வரில் டேட்டா ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜீபீ போய்விட்டது. ஐந்து விதமான பாதுகாப்பு வைத்திருந்தார்கள், தேவைப்பட்டபோது ஒன்றும் ஒழுங்காக இல்லை. பேக்கப் தோல்வி என்ற மின்னஞ்சல்கள்கூட போய்ச் சேராமல் நின்றிருந்தன. ஆறு மணித்தியாலம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதை வாசித்த அன்று எனக்கு 2018 இன் பாரம் கொஞ்சம் இறங்கியது. நம் நாட்டிலேயே 2023 ஓகஸ்டில் அரசாங்க கிளவுட்டை (அரச அலுவலகங்களுக்கான இணையச் சேர்வர்களை) கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் சுமார் 5,000 முகவரிகளில் போயின. அந்தக் காலத்துக்கான பேக்கப் இருக்கவில்லை. கொழும்பில் அப்படி என்றால் கொட்டகலையில் ஒருவர் தனியாக என்ன செய்வார்?

மலைநாட்டுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிந்து பாதை போய், மின்சாரம் போய், போனும் போய், பக்கத்து ஊரில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் இருந்தோம். உயிர் போன இடத்தில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் வீடு இழந்த குடும்பம் அடுத்த வாரம் சம்பளத்துக்கும், மரணச் சகாய நிதிக்கும், சேமலாப நிதிக் கடிதத்துக்கும் ஆபீஸ் வாசலுக்குத்தான் வரும். சேர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்து, அந்த அறையின் பின்சுவர் மண்ணோடு வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நாம் எதைக் காட்டுவோம்? ஒரு கொப்பி மலைக்கு வெளியே இருக்க வேண்டும், லைன் இல்லாத நாட்களுக்கு ஒரு கொப்பி கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும், இரண்டையும் யார் எப்படித் திறப்பது என்று தாளில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

பாடத்தில் சேர்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' கணக்கின் ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் வைத்துக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். பழைய பதிப்புகளை மாற்றும் விதம் தெரிய வேண்டும், எஸ்கியூஎல் சேர்வர் 2014 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூலை 9 உடன் நின்றன, 2016 க்கு 2026 ஜூலை 14 என்று குறித்திருக்கிறார்கள், நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில் 2012 கூட ஓடுகிறது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, தொழிலாளரின் அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பேக்கப்பை பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் கொண்டுதிரிவதை இனி சும்மா விட முடியாது.

இனி நடக்கக்கூடியதாக என்ன கேட்கலாம்? தேசிய தொழில் தகைமை முறையில், வேலை செய்து கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது, மேசன்மாரும் மெக்கானிக்மாரும் அதில் சான்றிதழ் எடுத்திருக்கிறார்கள். சேர்வர் பார்க்கிற கிளாக்கருக்கும் அதே வழியைத் திறந்துவிடலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் இருக்கிறது, பேராதனை கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே படிப்பிக்கிறவர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்தால் போதும். ஒரு ஆபீஸிலிருந்து ஒருவரை அனுப்பாமல் இரண்டு பேரை அனுப்பச் சொல்ல வேண்டும், ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று ஆபீஸும் படுத்துவிடும். கம்பனிகள் அந்த நாளைக்கு லீவு வெட்டக் கூடாது. வகுப்பு மூன்றரைக்கு முடிய வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் நிறையப் பேர் பெண்கள், மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் மேல் தோட்டங்களுக்கும் கடைசி பஸ் பிடித்து, இறங்கி, இருட்டுமுன் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

போன வருடத்திலிருந்து நானும் இன்னும் நான்கு பேரும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஹட்டனில் ஒரு டியூஷன் அறையைக் கேட்டு வாங்கி இதைச் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு பழைய கம்ப்யூட்டர், பெயரும் அடையாள எண்ணும் மாற்றிய ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். தலவாக்கலையிலிருந்து ஒரு மிஸ் வருகிறார், கணக்குப் பகுதியில் 21 வருடச் சேவை. லொக் பேக்கப்புகளை வரிசையாக ஏற்றி, சொன்ன நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்கு முதல் இரண்டு தடவையும் பிழைத்தது. மூன்றாவது தடவை நான் பக்கத்தில் நிற்கவில்லை, வெளியே தேநீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது திரையில் அழிந்த டேபிள் திரும்ப இருந்தது, அவர் வரிசைகளை எண்ணிக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். "சரியா வந்துருச்சு சார், ஆனா இன்னொருக்கா செஞ்சு பாக்கணும்" என்றார்.

எங்களால் இவ்வளவுதான் முடியும், நாங்கள் ஆசிரியர்கள் இல்லை, எங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. ஆகவே பயிற்சி நடத்துகிறவர்கள் இந்தக் கடிதத்தை வாசித்தால், அடுத்த அறிவித்தலோடு இன்னொரு வகுப்பையும் சேர்த்து, அதில் வயது வரியை எடுத்துவிட்டு ஐந்து வருட வேலை அனுபவம் என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கும், இரண்டாவது அந்தத் தலவாக்கலை மிஸ்ஸுடையது.

இப்படிக்கு,
தோட்டக் கம்பனி ஆபீஸில் சேர்வர் பார்க்கும் ஒரு வாசகர்,
ஹட்டன்.